சிக்னலில் நிற்கும்போது சொல்ல ஒரு கதை

ஓ.எம்.ஆரும், கோவளம், வண்டலூர் சாலைகளும் சந்திக்கும் கேளம்பாக்கத்தில் வண்டியில் காத்திருக்கும்போது, குழந்தைகளுக்கு காரெட் மார்கன் கதையைச் சொல்லுங்கள்.

1877-ல் அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவர் அவர். பெற்றோர் ஒருகாலத்தில் அடிமைகள். புகைக்குள்ளும் மூச்சுவிட உதவும் முகக்கவசத்துக்கு 1914-ல் காப்புரிமை பெற்றார். கறுப்பினத்தவர் செய்தது என்று தெரிந்தால் பலர் வாங்க மாட்டார்கள். அதனால், விற்பனைக் காட்சிகளில் ஒரு வெள்ளையரைக் கண்டுபிடிப்பாளராக முன்னே நிறுத்திவிட்டு, மார்கன் பின்னே நின்றார்!

1923-ல் அவர் காப்புரிமை பெற்ற சிக்னல், கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் கைகாட்டி. 'நில்', 'செல்' தவிர, எல்லாப் பக்கமும் வண்டிகளை நிறுத்தும் மூன்றாவது நிலையும் அதில் உண்டு.

அட்டை, குச்சி, குண்டூசி இருந்தால் வீட்டிலேயே ஒரு கைகாட்டி செய்யலாம். பொம்மை கார்களை நான்கு பக்கமும் ஓட்டி, மூன்றாவது நிலை இல்லாமல் ஒருமுறை, அதோடு ஒருமுறை விளையாடட்டும். மோதல் ஏன் குறைகிறது என்று குழந்தைகளே சொல்லிவிடுவார்கள். இப்படித் தொட்டு, இயக்கிக் கற்பதில் ருசி கண்டால், விடுமுறையில் கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்கும் அழைத்துப் போங்கள்.

செய்த சிக்னலில் மார்கன் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். முன்பக்கத்தில்!