தோளுக்கு மிஞ்சிய துப்பாக்கி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பல் கூடத் தேய்க்கவில்லை. பென்சில்வேனியாவிலிருந்து போன். என்னோடு பி.காம். படித்தவன். இருபது வருஷத்துக்கு மேலாக அங்கேதான் ஜாகை.

"மச்சான், பையனுக்கு ஒரு துப்பாக்கி வாங்கணும்டா. எது நல்லதுன்னு சொல்லேன்."

தண்ணீர் பீய்ச்சுகிற துப்பாக்கி என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. நிஜத் துப்பாக்கி. மான் சுடுவதற்கு.

பதறாதீர்கள். நம் ஊரில் வனவிலங்குச் சட்டத்தால் வேட்டை முடிந்த கதை. அங்கே அது ஊர்த் திருவிழா. பென்சில்வேனியாவில் நன்றிகூறல் தினத்துக்கு அடுத்து மான் சீசன் தொடங்கும். அதற்காகப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விடுகிற ஊர்களெல்லாம் உண்டு. பன்னிரண்டு வயதானால், வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கலாம். கூடவே பெரியவர் ஒருவர் காட்டுக்குப் போகவேண்டும். நண்பனின் பையனுக்குப் பதினாலு. ஒல்லிப் பையன், நாற்பத்தைந்து கிலோ தேறினால் அதிகம். வகுப்பு முடித்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனோடு இவனையும் அழைத்துப் போகிறேன் என்கிறார். பாக்கி துப்பாக்கிதான்.

"என்னை ஏன்டா கேட்கறே?"

"காலேஜ்ல நீதானே என்.சி.சி.?"

வாஸ்தவம். அதுதான் என் துப்பாக்கி அனுபவம் மொத்தமும்.

"ஆபீஸ்ல எல்லாரும் .30-06 வாங்குன்றாங்க. யானையே விழுமாம். வளர்ற பையன்தானே, இப்பவே பெருசா வாங்கிட்டா கல்யாணம் வரைக்கும் ஓடும்."

இங்கேதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

இது யூனிஃபார்ம் லாஜிக் சார். ஆறாம் வகுப்புப் பையனுக்கு எட்டாம் வகுப்பு சைஸில் டிரவுசர் எடுத்து, இடுப்பில் ஊக்கு குத்தி அனுப்புவோமே, அதே லாஜிக். டிரவுசர் அவிழ்ந்தால் மானம் போகும், அவ்வளவுதான். துப்பாக்கி விஷயத்தில் அப்படி இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். தோட்டா முன்னால் பாய்ந்தால் துப்பாக்கி பின்னால் உதைக்கும். நியூட்டனின் மூன்றாம் விதி. .30-06 என்பது அமெரிக்க ராணுவம் 1906-ல் ஏற்றுக்கொண்ட தோட்டா. அந்த 06 வருஷத்தைக் குறிப்பது. இரண்டு உலக யுத்தங்களில் சோல்ஜர்கள் தோளில் வாங்கிய உதை அது. மூன்றரை கிலோ துப்பாக்கியில் அதைச் சுட்டால் உதையின் அளவு சுமார் 20 அடி-பவுண்டு. அதே எடைத் துப்பாக்கியில் .243 வின்செஸ்டர் என்கிற தோட்டாவைச் சுட்டால் ஏறக்குறைய அதில் பாதி. .243 வந்தது 1955-ல். .308 என்கிற பெரிய தோட்டாவின் கழுத்தை நெரித்து, ஆறு மில்லிமீட்டர் குண்டைச் செருகிச் செய்தது. மான் இதற்கும் விழுகிறது. எழுபது வருஷமாக விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

வெள்ளைவால் மானின் முன்னங்கால் தோளுக்குப் பின்னால் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம், ஒரு டிபன் தட்டு அகலம். அங்கே பட்டால் .243 போதும். வயிற்றில் பட்டால் .30-06-ம் போதாது. மான் ரத்தம் சொட்டச் சொட்ட ஓடி, எங்கோ புதரில் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். ஆகவே கேள்வி, குண்டு எவ்வளவு பெரிது என்பதல்ல. தட்டில் படுமா என்பதுதான்.

பெரிய துப்பாக்கியில் சின்னப் பையனுக்குத் தட்டில் படாது. இதை என் தோளே சொல்லும்.

என்.சி.சி. கேம்ப்பில் முதலில் எங்களுக்குக் கொடுத்தது .22. உதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஐந்து ரவுண்டில் நான்கை அட்டையில் போட்டேன். தலைகால் புரியவில்லை. அப்புறம் ஒருநாள் பெரிய ரைஃபிள். ஹவில்தார் தோளோடு அழுத்திப் பிடிக்கச் சொன்னார். நான் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. முதல் ரவுண்டிலேயே கழுதை உதைத்த மாதிரி. இரண்டாவது ரவுண்டில் டிரிக்கரை அழுத்துவதற்கு முன்பே கண் மூடிக்கொண்டது, தோள் சுருங்கிக்கொண்டது. குண்டு மண்மேட்டில். விஷயம் அதோடு முடியவில்லை. மறுபடி .22-ஐக் கையில் கொடுத்தபோதும் கண் தானாக மூடியது! உடம்பு ஒருமுறை பயந்துவிட்டால் மறக்க வைப்பது லேசில்லை.

பாதி பயம் உதையால், மீதி சத்தத்தால். வேட்டைத் துப்பாக்கியின் வெடிச்சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140-க்கு மேல் ஒரே ஒரு வெடி போதும், காதை நிரந்தரமாகக் கெடுக்க. காதடைப்பான் இல்லாமல் பையனைச் சுடச்சொல்லி 'ஆம்பளையா நில்லுடா' என்கிறவர் அப்பாவா, இல்லை காது டாக்டரின் ஏஜென்ட்டா?

அடுத்தது விலை. 'சின்னப் பசங்களுக்குன்னே லேசா, சீப்பா இருக்காம்' என்றான் நண்பன். இருக்கிறது. அதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. ஒரே தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கி எவ்வளவு லேசோ, உதை அவ்வளவு ஜாஸ்தி. எட்டு பவுண்டிலிருந்து ஆறு பவுண்டுக்கு இறக்கினால் உதை மூன்றில் ஒரு பங்கு கூடும். லேசான துப்பாக்கியில் பெரிய தோட்டாவைப் போட்டுப் பையன் கையில் கொடுப்பது, மொபெட்டில் லாரி இன்ஜினைப் பூட்டிக் கொடுக்கிற மாதிரி.

பின்னே எதைத்தான் வாங்குவது? நான் விசாரித்தவரையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்ஸிஸ், மாஸ்பெர்க் பேட்ரியட் என்று சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்கள். ஒவ்வொரு ரவுண்டுக்கும் கையால் இழுத்துத் தள்ளவேண்டும். நிதானம் தானாக வரும். சுமார் 400-லிருந்து 600 டாலருக்குள் முடித்துவிடலாம். செகண்ட்ஹேண்டில் இன்னும் குறையும். பின்கட்டை குட்டையான சிறுவர் மாடலும் உண்டு. அளவு பார்க்க டேப் வேண்டாம். கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரல் டிரிக்கருக்கு எட்டவேண்டும், அவ்வளவே. சில மாடல்களில் பையன் வளர வளரக் கட்டையை நீட்டிக்கொள்ளத் துண்டுகள் தருகிறார்கள். வளர்கிற பையனுக்கு வளரவேண்டியது கட்டைதான் ஐயா, தோட்டா இல்லை.

பழகுவதற்கு ஒரு .22. மானை .22-ஆல் சுடுவது அங்கே பெரும்பாலான மாநிலங்களில் சட்டவிரோதம். அட்டையைச் சுடத் தடையில்லை. .243 தோட்டா ஒன்றுக்கு ஒன்றரை, இரண்டு டாலர் ஆகிறது. .22 பத்து சென்ட் சுமார். நூறு ரவுண்டு இதில், பத்து ரவுண்டு அதில். கண் மூடாது. பர்ஸும் காலியாகாது.

சரி, நல்ல துப்பாக்கி சொல்லியாகிவிட்டது, நன்றி வணக்கம் என்று போனை வைத்திருக்கலாம். பாழாய்ப்போன காமர்ஸ் படிப்பு விடவில்லை.

"மொத்த பட்ஜெட் எவ்வளவு?" என்று கேட்டேன். வாசித்தான். ரைஃபிள் 450. தொலைநோக்கி 150. தோட்டா 100. ஆரஞ்சுக் கோட்டு, தொப்பி, பூட்ஸ், காதடைப்பான் எல்லாம் சேர்த்து 200. ஆக 900 டாலர்.

"பூட்டு?"

"என்ன பூட்டு?"

"துப்பாக்கியை வீட்ல எங்கே வைப்பே?"

"அவன் ரூம் அலமாரியிலதான். அவனோடதுதானே?"

கணக்குப் பதிவியலில் கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி என்று ஒன்று சொல்லித் தருவார்கள். இன்றைக்குக் கடனில்லை, நாளைக்கு ஒன்று நடந்தால் தலையில் விடியும் கடன். பேலன்ஸ் ஷீட்டின் கூட்டலில் வராது. அடியில் பொடி எழுத்தில் குறிப்பாக இருக்கும். அதைப் படிக்காமல் கம்பெனியை வாங்கியவன் தெருவில் நிற்பான். பூட்டாத துப்பாக்கி அந்தப் பொடி எழுத்து.

உதை குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2013, கென்டக்கி. ஐந்து வயதுப் பையன். 'என் முதல் ரைஃபிள்' என்று விளம்பரம் செய்து விற்ற குட்டி .22 அவனுக்குப் பரிசாக வந்திருந்தது. வீட்டு மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு ரவுண்டு பாக்கி இருந்தது யாருக்கும் தெரியாது. இரண்டு வயதுத் தங்கை இறந்துபோனாள். கொசு கடித்த மாதிரிகூட உதைக்காத துப்பாக்கி அது.

இன்னொன்று 2021, மிச்சிகன். பதினைந்து வயது மகனுக்காக அப்பா கைத்துப்பாக்கி வாங்குகிறார். மறுநாள் அம்மா சுடும் மைதானத்துக்குக் கூட்டிப் போகிறார். வாங்கிய நான்காவது நாள், நவம்பர் 30, பள்ளிக்கூடத்தில் நான்கு மாணவர்கள் பிணம். 2024-ல் அந்தத் தாய், தந்தை இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. தலா பத்து முதல் பதினைந்து வருஷம் சிறை. பள்ளியில் பிள்ளை சுட்டதற்காகப் பெற்றவர்கள் மீது அமெரிக்காவில் மரணம் விளைவித்த குற்றம் நிரூபணமானது அதுதான் முதல் தடவை.

2020-ல் அமெரிக்காவில் ஒன்று முதல் பத்தொன்பது வயதுவரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி. அதற்குமுன் பல காலம் கார் விபத்து வகித்த இடம் அது. கொலையை மட்டும் நினைக்காதீர்கள். பரீட்சையில் கோட்டைவிட்ட, காதலில் தோற்ற, கூடப் படிக்கிறவன் கேலி செய்த ராத்திரி ஒன்று பதினாலு வயதில் எல்லோருக்கும் வரும். விடிந்தால் போய்விடும். அந்த ராத்திரியில் அலமாரியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

"பேசாம துப்பாக்கியே வேணாம்னு சொல்லிட்டுப் போயேன்யா" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. சுலபமாகச் சொல்லிவிடலாம். நான் மான் சுடமாட்டேன். ஆனால் அந்த ஊர்க்காரர்களைக் காட்டுமிராண்டி என்றும் சொல்லமாட்டேன். சுட்டதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். 1937-லிருந்து ஒவ்வொரு ரைஃபிள் மீதும் தோட்டா மீதும் 11 சதவீத வரி கட்டுகிறார்கள், அது வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. காட்டில் விடியும்வரை மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து, கடைசியில் 'ஷாட் சரியில்லை' என்று சுடாமலே திரும்பி வரக் கற்றுக்கொடுக்கும் அப்பாக்கள் அங்கே நிறைய. அவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

என் சண்டை, மகன் பெயரைச் சொல்லித் தன் மீசைக்குத் துப்பாக்கி வாங்குகிற அப்பாக்களோடு. அதற்கு அமெரிக்கா போகவேண்டாம். பதினாறு வயதுப் பையனுக்கு 200 சிசி பைக் எடுத்துக் கொடுத்துவிட்டு 'என் பையன் பறப்பான் சார்' என்று பூரிக்கிறவர் உங்கள் தெருவில் இல்லையா? 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, பெற்றவருக்கு மூன்று வருஷம்வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம் என்று எழுதிவைத்தும் அவர் சாவியைக் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறார்?

நண்பனின் மனைவி போனை வாங்கினார். "அண்ணா, நீங்களாவது சொல்லுங்க. நான் சொன்னா, நீ பயந்தாங்கொள்ளிங்கறார்."

"பயந்தாங்கொள்ளி இல்லம்மா, அந்த வீட்ல கணக்குத் தெரிஞ்ச ஆளு நீதான்" என்றேன்.

நண்பனிடம் மூன்றே விஷயம் சொன்னேன். ஒன்று, .243, குட்டைக் கட்டை. இரண்டு, இரும்புப் பெட்டி. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில், சாவி இரண்டும் பையனுக்குத் தெரியாத இடத்தில். மூன்று, காட்டுக்குப் போகிற அன்றைக்கு மட்டும் சாவி வெளியே வரவேண்டும்.

"பெட்டிக்கு இன்னொரு 300 டாலரா? பட்ஜெட் இடிக்குதே மச்சான்."

"கேபிள் பூட்டு பல ஊர்ல போலீஸ் ஸ்டேஷன்லயே இலவசமா கொடுக்கறாங்க. முதல்ல அதை வாங்கு. தொலைநோக்கியில 50 குறை, பூட்ஸ்ல 50 குறை. அப்பவும் பெட்டிக்குக் காசு வரலைன்னா இந்த வருஷம் துப்பாக்கி வேண்டாம். உன்னால துப்பாக்கி வாங்க முடியலைன்னு அர்த்தம். கடைக்காரன் 450-னு எழுதி வெச்சிருக்கறது பாதி விலைதான்."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "யோசிக்கறேன்டா" என்று வைத்துவிட்டான். இன்னும் போன் வரவில்லை. சீசனுக்கு நாள் இருக்கிறது.

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்று பிள்ளைகளைச் சொல்வார்கள் நம் பெரியவர்கள். பிள்ளைக்குத்தான் அது பொருந்தும். தோளுக்கு மிஞ்சிய துப்பாக்கி யாருக்கும் தோழன் இல்லை. தோளுக்கு அடங்கிய துப்பாக்கியையும் பூட்டித்தான் வைக்கவேண்டும்.