பைப் நம்முடையது, பீர் மட்டும் அவர்களுடையதா?

பொத்துவில், உல்லை உறவுகளே, கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

சீசன் வருகிறது. கதிரை, பந்தல், சவுண்ட் செட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் நம் சகோதரர்கள் சிலர், கடற்கரைப் பார்ட்டிகளுக்கு இப்போது பீர் செட்டும் விடுகிறார்கள். கேட்டால் ஒரே பதில்தான்: "நாங்க பீர் விக்கல்ல சேர். மெஷினத்தான் குடுக்கிறோம். குடிக்கிறது வெள்ளக்காரன்."

இந்தப் பதிலோடுதான் நமக்குச் சண்டை. ஆட்களோடு அல்ல.

அந்தச் செட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 30 லீட்டரோ 50 லீட்டரோ பிடிக்கிற பீப்பா, காபனீரொட்சைட்டு சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய், கூலர், டெப். கதிரையைப் போல இறக்கிவிட்டு வருகிற சாமான் அல்ல இது. அமுக்கம் கூடினால் கோப்பை முழுக்க நுரை, குறைந்தால் பீர் சப்பென்று போய்விடும். பக்கத்தில் ஒருவன் நிற்கத்தான் வேண்டும். நிற்பது யார்? நம் வீட்டுப் பிள்ளை. லொறியில் ஏற்றுவதும் அவன், பூட்டுவதும் அவன், கூட்டம் கூடினால் ஊற்றிக் கொடுப்பதும் அவன். விடிந்ததும் குழாய்க்குள் நிற்கிற மிச்ச பீரைக் கழுவி ஊற்றுவதும் அவன்தான். 50 லீட்டர் பீப்பா என்றால் ஏறக்குறைய 150 கோப்பை. ஒரு இரவில் 150 தடவை அந்தக் கை டெப்பைத் திருப்புகிறது.

இதற்குப் பெயர் மெஷின் கொடுப்பதா?

மதுவின் விடயத்தில் பத்துப் பேர் சபிக்கப்பட்டதாக அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. குடிப்பவர் அதில் ஒருவர் மட்டுமே. சுமப்பவர், ஊற்றிக் கொடுப்பவர், அதன் கிரயத்தைச் சாப்பிடுபவர் எல்லாரும் அந்தப் பத்தில் வருகிறார்கள். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபிலும் வாடகை ஒப்பந்தம் செல்லுபடியாக வேண்டுமென்றால், எந்தப் பயனுக்காக வாடகை வாங்குகிறோமோ அந்தப் பயன் ஆகுமானதாக இருக்க வேண்டும். கதிரையில் யாரும் உட்காரலாம். கதிரை கொடுத்தவனைப் பிடித்து, அதில் இருந்தவன் என்ன குடித்தான் என்று கேட்பது நியாயமில்லை. ஆனால் பீர் டெப்புக்கு வேறென்ன பயன்? நன்னாரி சர்பத் ஊற்றவா கொண்டு போகிறார்கள்?

"குடிப்பது வெள்ளைக்காரன்" என்பதும் அரைவாசிதான் உண்மை. அவன் குடிக்கிறானா இல்லையா என்பது நம் பேச்சே அல்ல. அவன் விருந்தாளி, அவனால் ஊர் பிழைக்கிறது. ஆனால் இருட்டுக்குள் டெப்புக்கு முன்னால் கோப்பை நீட்டுகிற கை யாருடையது என்று யார் பார்க்கிறார்கள்? போத்தல் என்றால் எண்ணிக்கை தெரியும். டெப்பில் கணக்குமில்லை, வயதுமில்லை. 21 வயது நிரம்பாதவருக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. வாங்குவதற்கு வயது காணாத பிள்ளை, ஊற்றிக் கொடுக்க மட்டும் வயது வந்தவனா? ஓ.எல். வகுப்பில் திங்கட்கிழமை காலையில் மேசையில் தலைவைத்துத் தூங்குகிற பிள்ளைகளை எழுப்புவது ஆசிரியர்களாகிய நாங்கள். இரவு எங்கே நின்றான் என்பதை அவன் சட்டையே சொல்லும்.

வயிற்றுப் பிழைப்பு என்கிறார்கள். அதை லேசாக எடுக்க மாட்டோம். 2004இல் கடல் வாரிக்கொண்டு போன கரை இது. பிறகு 2019 ஏப்ரல், கொரோனா, 2022 நெருக்கடி. சீசனை நம்பி லீசிங்கில் லொறி எடுத்தவர்களின் கஷ்டம் நமக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். மது தடுக்கப்பட்டபோது அபூதல்ஹா (ரழி) அவர்களின் பொறுப்பில் அநாதைகளுக்கு வாரிசாக வந்த மது இருந்தது. அதைக் காடியாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். கொட்டிவிடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அநாதைகளின் சொத்துக்கே அந்தச் சலுகை இல்லை. நமது லீசிங் கட்டணம் எம்மாத்திரம்?

நிர்வாக சபைக்கும் ஒரு வார்த்தை. பார்ட்டிச் சத்தம் தொழுகைக்கு இடைஞ்சல் என்று பொலிசுக்குக் கடிதம் எழுதுகிறீர்கள், நல்லது. அந்தப் பார்ட்டிக்குச் சாமான் போகிற லொறி நம் தெருவால்தான் போகிறது. அதையும் பேசுங்கள்.

செய்யக் கூடியது இருக்கிறது. சீசன் தொடங்குமுன் வாடகைக்காரர்களைக் கூட்டுங்கள். பீர் செட்டுக்குக் கடன் எடுத்தவர் இருந்தால், அந்த மிச்சத்தை ஊர் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று கதைப்போம். ஆசிரியர்கள் எங்கள் பங்கைத் தருவோம். கூலரும் ஜெனரேட்டரும் கல்யாண வீட்டுக்கு ஓடும். டெப்பை வேறொருவருக்கு விற்கலாமா என்று எங்களிடம் கேட்க வேண்டாம். ஃபத்வா கொடுப்பது எங்கள் வேலையல்ல, ஹஸ்ரத்மாரிடம் கேளுங்கள்.

கீழே கருத்து எழுதுபவர்கள் தயவுசெய்து யாருடைய பெயரையும் லொறி இலக்கத்தையும் போட வேண்டாம். போட்டால் அழித்துவிடுவோம்.