மறைந்திருக்கும் பசி



வயிறு நிறைய உண்ட பின்னும் தீராத பசி ஒன்று உண்டு. தட்டில் சோறு இருக்கும். அதில் துத்தநாகம், இரும்பு போன்ற நுண்சத்துகள் போதிய அளவு இரா. இதையே 'மறைந்திருக்கும் பசி' என்கிறார்கள். துத்தநாகம் குறைந்த குழந்தை வயதுக்கேற்ப வளர்வதில்லை; வயிற்றுப்போக்கு கூட அதை எளிதில் வீழ்த்திவிடும்.

இந்தியாவில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், ஈரானில் தாம் கண்ட இளைஞர்களைப் பற்றி 1961-இல் எழுதினார். இருபது வயதிலும் அவர்கள் சிறுவர்களைப்போல் இருந்தார்கள். பெரும்பாலும் ரொட்டியே அவர்கள் உணவு. துத்தநாகக் குறைவே இதற்கு முக்கியக் காரணம் என்பது பின்னர் தெளிவானது.

மண்ணில் இல்லாத சத்து மணியில் எப்படி வரும்? துருக்கியின் அனத்தோலியப் பகுதியில் 1990-களில் பேராசிரியர் இஸ்மாயில் சக்மாக்கும் அவருடைய குழுவினரும் கோதுமைக்குத் துத்தநாக உரம் இட்டார்கள். மண்ணில் இட்டபோது விளைச்சல் உயர்ந்தது. இலைவழியாகவும் தெளித்தபோது மணியிலும் சத்து கூடியது. பின்லாந்து அரசு 1984-இல் முடிவெடுத்து, உரங்களிலேயே செலினியம் சேர்க்கச் செய்தது. சில ஆண்டுகளில் மக்களின் இரத்தத்தில் அதன் அளவு உயர்ந்தது.

தமிழகத்திலும் துத்தநாகம் குறைந்த நிலங்கள் ஏராளம். நெல் நடவுக்கு முன் எக்டருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலுடன் கலந்து இடும்படி பரிந்துரை உண்டு. ஆனாலும் மானியத்தில் மலிவாகக் கிடைக்கும் யூரியாவோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அவர்களை மட்டும் குறைசொல்லலாமா? சந்தையில் நெல்லுக்கு எடை பார்த்து விலை தருகிறார்களே தவிர, உள்ளிருக்கும் சத்துக்கு யாரும் ஒரு ரூபாய் கூடத் தருவதில்லை. பிறர் பிள்ளையின் நலனுக்காகக் குத்தகை விவசாயி மட்டும் செலவு செய்யவேண்டும் என்பது நீதியல்ல. பின்லாந்தைப்போல அந்தப் பொறுப்பைச் சமுதாயம் ஏற்கவேண்டும்.

உரம் மட்டுமே மருந்துமல்ல. பருப்பும் முட்டையும் கீரையும் ஏழையின் தட்டுக்கு வரவேண்டும். அதைச் செய்யாமல் உரத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

லூக்கா நற்செய்தியில் கனிகொடாத அத்திமரத்தை வெட்டிவிடச் சொன்னார் உரிமையாளர். தோட்டக்காரரோ மரத்தைப் பழிக்கவில்லை. இன்னும் ஓராண்டு கேட்டார், மண்ணைக் கொத்தி எரு இட முன்வந்தார். மெலிந்த குழந்தையைப் பார்த்துத் தாயைக் குறைகூறும் நாம், வேரில் இருக்கும் குறையைப் பார்க்கிறோமா?

அடுத்த அன்பியக் கூட்டத்துக்கு விவசாயக் குடும்பத்தினர் தங்கள் மண்வள அட்டையைக் கொண்டு வாருங்கள். அதில் துத்தநாகத்தின் அளவும் குறிக்கப்பட்டிருக்கும். அட்டை இல்லாதவர்கள் மண் பரிசோதனைக்குக் கொடுக்க மற்றவர்கள் உதவுங்கள். அன்றாட உணவுக்காக நாம் நாள்தோறும் செபிக்கிறோம். அந்த உணவு உயிரூட்டுவதாகவும் இருக்க உழைப்போம்.