ஏ.சி-க்கு பைப் இருக்கு... ஃபைபருக்கு ஏன் இல்லை?

புது வீடு. ஏ.சி, டி.வி, காலிங் பெல் என எல்லாத்துக்கும் சுவருக்குள்ளேயே பைப் ஓடுது. பிராட்பேண்ட் கேபிள் மட்டும் ஜன்னல் வழியா வருது. ஜன்னலைச் சாத்தினா கேபிள் நசுங்கும். சாத்தலைன்னா கொசு வரும். நம்மில் பல பேர் வீட்டு நிலவரம் இதுதான்.

அசிங்கமா இருக்குங்கிறது மட்டும் பிரச்னை இல்லை. ஃபைபர் என்பது முடி அளவு கண்ணாடி இழை. அதுக்குள்ளே ஓடுறது ஒளி. இழை கூர்மையா மடங்கினா, அந்த இடத்தில் ஒளி வெளியே கசியும். சிக்னல் குறையும், நெட் அடிக்கடி போகும், நாம கஸ்டமர் கேருக்கு போன் போட்டுத் திட்டுவோம்! மிச்சமுள்ள கேபிளை இறுக்கிக் கட்டாம, காபி டம்ளர் வாய் அளவுக்காவது பெரிய வளையமா சுருட்டி வைக்கணும்.

இன்னொண்ணு, மோடம் வைக்கும் இடம். கேபிள் நுழையுற மூலையிலேயே மாட்டிட்டுப் போயிடுவாங்க. நடுவில் ரெண்டு கான்கிரீட் சுவர் இருந்தா, படுக்கையறையில் வைஃபை திணறும். அதனால வாசலிலிருந்து வீட்டின் நடுப்பகுதி வரை ஒரு காலி பைப், உள்ளே இழுக்க ஒரு கம்பி, பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட். கட்டும்போதே செஞ்சா செலவு ரொம்பக் கம்மி. கரன்ட் வயர் போற பைப்பில் இதை நுழைக்கக் கூடாது.

லேண்ட்லைனையும் மறந்துடாதீங்க. பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. கரன்ட் போனாலும் பேசலாம். ஃபைபர் போன் மோடத்தை நம்பியிருக்கு. புயல் ராத்திரியில் மோடம் அணைஞ்சா, போனும் ஊமை. தனியா இருக்கும் பெற்றோர் வீட்டில் மோடத்துக்கு ஒரு சின்ன யு.பி.எஸ் அவசியம். சுவருக்குள் இருக்கும் பழைய போன் வயரைப் பிடுங்க வேண்டாம். வெளியே போகும் லைனைத் துண்டிச்சுட்டு, மோடத்தின் போன் போர்ட்டோடு இணைச்சா படுக்கையறை போனும் ஒலிக்கும்.

டிஜிட்டல் இணைப்பு வசதியை வைத்துக் கட்டடங்களுக்கு ரேட்டிங் தரும் விதிமுறையை டிராய் 2024-ல் கொண்டுவந்தது. ஆனா அது கட்டாயமில்லை. விரும்புற பில்டர் வாங்கிக்கலாம், அவ்வளவுதான். காலி பைப் கூடப் போடாதவங்க ரேட்டிங்குக்கு ஓடுவாங்களா? பிளான் அனுமதியிலேயே இதைக் கட்டாயமாக்கணும்.

அதுவரை, நாமதான் எலக்ட்ரீஷியன்கிட்ட கேட்டு வாங்கணும். பூச்சு வேலைக்கு முன்னாடி பைப் போற பாதையை மொபைல்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. பின்னாடி டிரில் போடும்போது தேவைப்படும்.