50 கோடி ஆண்டின் முகவரி

பாலைவனத்தில் கடல் உயிர் கிடைக்குமா? கிடைக்கிறது!

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், டெல்டா நகருக்கு மேற்கே இருக்கும் ஹவுஸ் மலைத்தொடர் இன்று வறண்ட பூமி. சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடிச் சேறு. அங்கு வாழ்ந்த 'எல்ராதியா கிங்கி' எனும் டிரைலோபைட்டுகள், கறுப்பு நாணயங்கள்போல ஷேல் எனும் களிப்பாறையில் பதிந்து கிடக்கின்றன.

பாறையின் ஓரத்தில் உளியை வைத்து மெல்லத் தட்டினால், புத்தக ஏடுபோலப் பிரியும். பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். புதைபடிவம் உடைந்துவிட்டால், துண்டுகளை உடனே பொறுக்கி ஒன்றாகப் பொதிந்துகொள்ள வேண்டும், பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

பொறுமைக்குச் சோதனை வீட்டில்தான். உருப்பெருக்கியின் கீழ், ஊசிமுனையால் கல்லைத் துகள் துகளாக நீக்க வேண்டும். அவசரப்பட்டு வினிகரில் ஊறவைத்தால், கல்லுக்கு முன் ஓட்டின் சுண்ணாம்பு கரைந்துவிடும்.

கண்ணாடிப் பெட்டியில் வைக்குமுன் இன்னொரு வேலை உண்டு. எந்த இடம், எந்தப் பாறை அடுக்கு, எந்த நாள் என்று ஒரு சீட்டில் எழுதிவைக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத புதைபடிவத்தால் ஆய்வாளருக்கு அதிகப் பயனில்லை. அழகுப் பொருளாக அலமாரியில் இருக்கும், அவ்வளவுதான்.

50 கோடி ஆண்டுகள் கல் காத்த முகவரியை, நம் ஒரு நிமிடச் சோம்பல் தொலைத்துவிடக் கூடாது.