ஜாடிக்கேற்ற மூடியா என்று பார்த்து வாங்குவோம்

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அவசர அவசரமாக வாங்கிய கம்ப்யூட்டர்கள்தான் நம் பகுதிக் கடைகள் பலவற்றில் இன்றும் பில் போட்டுக்கொண்டிருக்கின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அந்தப் பழைய எந்திரங்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாதவை. ஆகவே, பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிவிடலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

பூட்டலாம் என்பதே நமது கருத்தும். பில் போடவும் டாலியில் கணக்கு எழுதவும் ரிட்டர்ன் தாக்கல் செய்யவும் பெரிய எந்திரம் வேண்டியதில்லை. ஆனால் மலிவாகக் கிடைத்ததை எல்லாம் தனித்தனியே வாங்கிவந்து பிறகு சேர்த்துப் பார்க்கிறார்களே, அதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

முதலில் பிராசஸரையும் மதர்போர்டையும் ஜோடியாக முடிவு செய்யவேண்டும். இன்டெல்லில் 12, 13, 14-ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1700 என்ற சாக்கெட். 10, 11-க்கு எல்ஜிஏ 1200. ஒன்று மற்றதில் உட்காராது. சாக்கெட் பொருந்தினாலும், பழைய இருப்பில் கிடக்கும் போர்டு 14-ஆம் தலைமுறையை அடையாளம் காண பயாஸ் புதுப்பிக்க வேண்டிவரலாம். வாங்குமுன் கடைக்காரரிடமே செய்து தரச் சொல்லுங்கள். ஏஎம்டி வாங்கினால் ஏஎம்4 போர்டுக்கு டிடிஆர்4 ராம், ஏஎம்5-க்கு டிடிஆர்5. எல்ஜிஏ 1700-இல் இரண்டு வகைப் போர்டும் உண்டு, அங்கேதான் ஏமாறுகிறோம். இரண்டு ராமுக்கும் வெட்டு இருக்கும் இடம் வேறு. அழுத்தினால் உடையுமே தவிர நுழையாது.

ஐ3 12100-க்கும் ஐ3 12100எஃப்-க்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். எஃப் விலை குறைவு என்று வாங்கினால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு போடாமல் திரையில் ஒன்றும் தெரியாது. பில் போடும் கடைக்கு அந்தக் கார்டு வீண் செலவு. எம்.2 எஸ்எஸ்டியிலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு உண்டு. போர்டு எதை ஏற்கும் என்று அதன் குறிப்புப் புத்தகத்தில் பார்க்கவேண்டும்.

கேபினெட்டோடு இனாமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நாம் நம்புவதில்லை. இனாம் சரக்கின் தரம் நமக்குத் தெரியாததா? கிராபிக்ஸ் கார்டு இல்லாத எந்திரத்துக்கு, பெயர் பெற்ற கம்பெனியின் 450 வாட் தாராளம். நம் ஊர் உப்புக்காற்றும் மின்சார ஏற்ற இறக்கமும் தெரிந்தவர்கள் யுபிஎஸ்ஸையும் பட்ஜெட்டிலேயே சேர்ப்பார்கள். 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பிறகு மின்சாரத்துக்காகக் காத்துக்கிடந்த நாட்களை யாரும் மறந்திருக்கமாட்டோம். கணக்கின் நகல் ஒன்றும் பென் டிரைவில் தனியாக இருக்கட்டும்.

இனி நமக்குள் ஒரு பேச்சு. ஆன்லைன் கம்பெனிகள் நம் வியாபாரத்தைத் தின்கின்றன என்று சங்கக் கூட்டத்தில் பேசுகிறோம். போர்டை ஒரு தளத்திலும் ராமை இன்னொரு தளத்திலும் வாங்குகிறோம். எந்திரம் ஓடாவிட்டால் போர்டு விற்றவர் ராமைக் குறை சொல்வார், ராம் விற்றவர் போர்டைக் குறை சொல்வார். அறந்தாங்கியிலோ புதுக்கோட்டையிலோ ஒரே கடையில் எல்லாவற்றையும் எடுத்து, அங்கேயே ஒருமுறை ஓடவைத்துப் பார்த்துவிட்டு வந்தால் பொறுப்பு ஒருவருடையது. சென்னை ரிச்சி தெருவில் விலை குறையலாம். பழுதானால் திரும்பப் போய்வரும் பஸ் செலவையும் கடை அடைத்த நாளையும் அந்த விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கவேண்டாம். கடையின் ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் இருந்தால், வழக்கமான பதிவு உள்ளவர்கள் கட்டிய 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனால் வாரண்டிக்கு அவர்களுக்கும் பில் வேண்டும். பிராசஸர் சீல் வைத்த பெட்டியில் வருகிறதா, டிரே சரக்கா என்றும் கேளுங்கள். விண்டோஸ் உரிமம் வாங்கினால் அதையும் அதே பில்லில் ஏற்றச் சொல்லுங்கள்.