விலையின்மை வேறு, கட்டின்மை வேறு!

தொண்டமைப்புகள் கூடும் மாநாடுகளில் திறந்தமூல மென்பொருள் பற்றிப் பேச ஒருவர்க்கு அரைமணி நேரம் ஒதுக்குவது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் நண்பகல் உணவுக்குப் பின்னர், அவை பாதி உறங்கும் வேளையில்! மேடையேறுபவர் என்ன கூறுகின்றார்? ‘இஃது இலவசம், காசு கொடுக்க வேண்டா’ என்கின்றார். அவை தலையசைக்கின்றது. அடுத்துப் பெருநிறுவனத்தின் ஆள் எழுந்து, ‘எங்கள் மென்பொருளும் தொண்டர்களாகிய உங்களுக்கு இலவசமே’ என்கின்றார். அதற்கும் அவை தலையசைக்கின்றது. முன்னவர் பேச்சு அந்நொடியே தோற்றது. தோற்கடித்தது அவர் ஆண்ட சொல்லேயன்றி வேறன்று.

ஆங்கிலத்தில் ‘பிரீ’ என்னும் ஒரே சொல் விலையின்மையையும் கட்டின்மையையும் குறிக்கும். 1983-இல் குனூ முயற்சியை அறிவித்த இரிச்சர்டு சுடால்மன் இவ்விரட்டைப் பொருளை விளக்கி விளக்கியே களைத்தார். அம்மயக்கம் தீரவும், வணிகரின் அச்சம் நீங்கவும் வேறு சிலர் 1998-இல் ‘ஓப்பன் சோர்சு’ என்னும் பெயரைப் படைத்தனர். தமிழனுக்கு இவ்விடர்ப்பாடு ஏது? விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு என்று பிரித்துக் காட்ட நம்மிடம் இரண்டு சொற்கள் உள்ளன. இருந்தும் ஆங்கிலன் குழப்பத்தை இரவல் வாங்கி மேடையில் முழங்குகின்றோமே, இஃதென்ன பேதைமை!

கட்டற்ற மென்பொருள் என்பது, எப்பணிக்கும் இயக்கவும், மூலநிரலைப் படித்துத் திருத்தவும், பிறர்க்குப் படியெடுத்துக் கொடுக்கவும், திருத்தியதைப் பரப்பவும் உரிமை தருவது. விலை இந்நான்கனுள் ஒன்றில்லை. கொடையாக வரும் பூட்டிய மென்பொருளிலோ இந்நான்கனுள் எதுவும் முழுமையாயில்லை. கொடுத்தவன் கை மடங்கினால் கொடையும் மடங்கும்.

மடங்கியதற்குச் சான்று வேண்டுமா? மைக்ரோசாப்டு நிறுவனம் தொண்டமைப்புகளுக்குப் பத்துப் பயனர் அளவில் விலையின்றி வழங்கிவந்த ‘பிசினசு பிரீமியம்’ உரிமத்தை 2025 சூலை முதல் நிறுத்திற்று. எளிய வகையொன்று இன்னும் விலையின்றிக் கிடைக்கின்றது. மேல்வகை வேண்டுவோர் குறைத்த விலையேனும் கொடுத்தாக வேண்டும். அவன் பொருள், அவன் விருப்பம்! அவனைப் பழிப்பதற்கில்லை. உறுப்பினர் பட்டியலையும் வரவு செலவையும் ஆண்டறிக்கையையும் அவன் திண்ணையில் வைத்துவிட்டு, ‘இது நம் வீடு’ என்றிருந்தோமே, நம்மையே பழித்தல் வேண்டும். அவ்வாண்டு அக்டோபரில் விண்டோசு 10-க்குரிய இயல்பான பேணுகையும் முடிந்தது. நன்கியங்கும் கணினிகள் பல, புதிய பதிப்பை ஏற்கும் தகுதியில்லாதன என்று ஒதுக்கப்பட்டன. அவற்றுள் பலவற்றில் இலினக்சு இன்றும் தடையின்றி இயங்கும்.

தமிழ் மன்றங்களுக்கு இப்பாடம் புதிதன்று. 1990-களில் எழுத்துரு விற்றோர் ஒவ்வொருவரும் தத்தமக்கெனக் குறியேற்றம் வைத்திருந்தனர். ஓர் எழுத்துருவில் அடித்த கட்டுரை மற்றொன்றில் வெறுங் குப்பையாய்த் தெரிந்தது. 1999-இல் சென்னை மாநாட்டையொட்டி அரசு பொதுக் குறியேற்றங்களை வகுத்தது. பின்னர் ஒருங்குறி வேரூன்றியது. ஆயினும் மலர்களும் நூற்படிகளும் பழைய எழுத்துருக்களுக்குள் இன்னும் சிறைப்பட்டே கிடக்கின்றன. தாம் எழுதிய தமிழைத் தாமே படிக்க முடியாத நிலையைவிடப் பெரிய அடிமைத்தனம் உண்டோ? அதே வேளையில், 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே ஈழத்து நூல்களையும் இதழ்களையும் திரட்டிக் காத்து வருகின்றது. அஃது எவன் தயவையும் நோக்கி நிற்கவில்லை.

‘பழுதானால் யார் பார்ப்பார்? பயிற்சிக்குச் செலவாகுமே?’ என்பர் சிலர். ஆகும், ஐயமில்லை. செலவேயில்லை என்று மேடையில் கூறுபவர் பொய் கூறுகின்றார். செருமனியின் மியூனிக்கு நகராட்சி, 2003-இல் முடிவெடுத்து ஏறத்தாழ 15,000 கணினிகளை இலினக்சுக்கு மாற்றிய பின்னரும், 2017-இல் விண்டோசுக்கே திரும்ப முடிவு செய்தது. மென்பொருள்மீது குறை கூறியோர் இருந்தனர். ஆட்சியாளர் மனம் மாறியதும் உண்மை. எனவே உரிமத்திற்கு இறைக்கும் பணத்தை உள்ளூர் இளைஞர் உழைப்புக்குக் கொடுங்கள். அது நம்மிடையே அறிவாய்த் தங்கும்.

மாநாடு கூட்டும் அன்பர்களே! அடுத்த முறை இப்பொருளுக்கு அரைமணிப் பேச்சு வேண்டா. முழுநாள் ஒதுக்குங்கள். ஒவ்வோர் அமைப்பும் தன் கணினியொன்றைச் சுமந்து வரட்டும். லிப்ரே ஆபீசை அங்கேயே நிறுவி, உறுப்பினர் பட்டியலைத் திறந்த வடிவில் மாற்றி, பழைய எழுத்துருவில் கிடக்கும் மலரொன்றையாவது ஒருங்குறிக்குக் கொணர்ந்த பின்னரே அவை கலைதல் வேண்டும். அழைப்பிதழிலும் ‘இலவச மென்பொருள்’ என அச்சிடாதீர். ‘கட்டற்ற மென்பொருள்’ என்றே அச்சிடுங்கள்.